கொக்கி மட்டும் தங்கம்

சுனைக்கரைக் காட்டில் வடிவு என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. ஒருநாள் கிழங்கு தோண்டும்போது அதற்கு ஒரு பொன்கட்டி அகப்பட்டது. ஒரே மகள் செவந்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். பொன்னை எடுத்துக்கொண்டு, நகை செய்யும் நரியிடம் ஓடியது வடிவு.

நரி சங்கிலி செய்து முடித்தது. கொக்கியை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்தது. பளிச்சென்று மஞ்சள் கோடு விழுந்தது.

"பாத்தீங்களா அக்கா, சொக்கத் தங்கம்! கொக்கியில முத்திரையும் குத்தியிருக்கு!"

"நடுவுல ஒரு தடவை உரசேன் தம்பி."

"ஐயையோ! கல்யாணப் பொண்ணு நகையை நடுவுல கீறலாமா? ராசியே போயிடும்! இந்தக் காட்டுல யாராவது கொக்கியைத் தவிர வேற இடத்துல உரசியிருக்காங்களா?"

யாரும் உரசியதில்லைதான். ராசி என்று சொன்னால் போதும், இந்தக் காட்டில் எல்லா மிருகமும் வாயை மூடிக்கொண்டுவிடும். வடிவும் மூடிக்கொண்டது.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. செவந்தி அழுதுகொண்டு வந்து நின்றது.

"கழுத்தெல்லாம் பச்சையாப் போச்சும்மா! முலாம் பூசின செம்பைத் தலையில கட்டிட்டா, உங்கம்மா ஒரு திருடின்னு மாமியார் ஊரைக் கூட்டிக் கத்துறாங்க. தங்கம் இல்லாம உள்ள வராதேன்னுட்டாங்க!"

வடிவுக்குச் சுர்ரென்று ஏறியது. முட்களெல்லாம் விறைத்து நின்றன. மண்ணைக் கிளறிக் கிளறி மகளை வளர்த்த நானா திருடி?

சங்கிலியைக் கவ்விக்கொண்டு நரியின் குகைக்குப் பாய்ந்தது. செவந்தியும் கூடவே ஓடியது. வழியில் அதன் மாமியாரான சம்பந்தியையும் வடிவு இழுத்துக்கொண்டது. சத்தம் கேட்டுக் காடே பின்னால் வந்தது.

நரி கொஞ்சமும் பதறவில்லை. "உங்க கண்ணு முன்னாடிதானே அக்கா உரசினேன்?"

"நீ காட்டின இடத்தைத்தானடா பாத்தேன்! இப்ப நான் காட்டுற இடத்தைப் பாரு!"

வடிவு சங்கிலியின் நடுவில் பல்லை வைத்து ஒரே கடியாகக் கடித்தது. அறுந்த இடத்தில் செக்கச்செவேலென்று செம்பு இளித்தது.

கூட்டத்தில் நின்ற மான், நரி செய்துகொடுத்த தன் வெள்ளிக் கொலுசைக் கழற்றிப் பாறையில் பரபரவென்று தேய்த்தது. அதிலும் செம்பு!

"ராசி ராசின்னு சொல்லியே எங்களை மொட்டை அடிச்சிட்டியேடா, பாவி!"

கரடி விட்ட அறையில் நரி குகை மூலையைக் கைகாட்டியது. தோண்டினால், எல்லாருடைய பொன்னும் வெள்ளியும் அங்கே கிடந்தன. நரியை அடித்துக் காட்டை விட்டே துரத்தினார்கள்.

பொன்கட்டியைக் கண்டதும் சம்பந்தியின் முகம் மலர்ந்தது. "வாம்மா செவந்தி, நம்ம வீட்டுக்குப் போகலாம்!"

"நில்லுங்க சம்பந்தி! திருடின்னு ஊரைக் கூட்டிச் சொன்னீங்க. இல்லைன்னும் இந்த ஊர் கேக்கச் சொல்லுங்க! வர்றதா வேண்டாமான்னு அப்புறம் என் பொண்ணு சொல்லுவா!"

சம்பந்தி தலை குனிந்துகொண்டு, வடிவு திருடி இல்லை என்று ஊர் கேட்கச் சொன்னது. ஆனாலும் செவந்தி அன்றைக்கு அதன் பின்னால் போகவில்லை.

விற்பவர் காட்டும் இடத்தில் உரசிப் பார்ப்பது சோதனையே அல்ல. வாங்குபவர் கேட்கும் இடத்தில் உரசினால்தான் பொன்னின் தரம் தெரியும்.