கிளிஞ்சல்துறையில் ஏறாத கூண்டு

கிளிஞ்சல்துறைப் பேச்சியம்மையின் தம்பி கோலப்பன் கடலுக்குப் போனான், திரும்பவில்லை. புயல் வருகிறது என்று வானத்திலிருந்து சேதி வந்தது. அதை அவனுக்குக் கிடைக்கவிடாமல் வழியிலேயே விழுங்கிவிட்டார்கள். நடந்த அநியாயம் இதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ராஜா கதை என்றதும் சிரித்துவிட்டு இதை மறந்துவிடக் கூடாது.

வெகுகாலத்துக்கு முன்பு மேலக்கரை நாட்டைத் திசைமுழங்கி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவரிடம் யானைப்படை இருந்தது, ஜனங்களிடம் செல்போன் இருந்தது. அப்போது ஏது செல்போன் என்று சண்டைக்கு வராதீர்கள். இந்த அநியாயத்துக்கு அது தேவைப்பட்டது, இருந்தது.

அந்த நாட்டின் கிளிஞ்சல்துறையில் அமைச்சர் செங்கோடர் ஒரு பெரிய டிஷ் வைத்திருந்தார். வானத்துச் செயற்கைக்கோள் அனுப்பும் வானிலைச் சேதியை அது வாங்கும். புயல் என்று சேதி வந்தால் கம்பத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். கூண்டைப் பார்த்தால் எந்தப் படகும் கிளம்பாது. அத்தனை தூரத்திலிருந்து வரும் சேதி, வந்து சேரும்போது வெறும் முணுமுணுப்புதான். டிஷ் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

மீனவர்கள் செங்கோடரை வாழ்த்தியது மெச்சுராயர் என்ற பிரபுவுக்குப் பொறுக்கவில்லை. ராஜாவின் பிறந்தநாள் வந்தது. "மகாராஜா, தங்கள் ஊர்வலம் ஒவ்வொரு செல்போனிலும் பளிச்சென்று தெரிய வேண்டாமா?" என்றார். ராஜா மகிழ்ந்து முத்திரை போட்டுக் கொடுத்தார். மெச்சுராயர் டிஷ்ஷுக்குப் பக்கத்திலேயே, அதே அலைவரிசையில் பேசும் கோபுரம் ஒன்றை நட்டார். ராஜாவின் மீசை நுனி வரை பளிச்சென்று தெரிந்தது. டிஷ் செவிடானது. கூண்டு ஏறவில்லை. கோலப்பன் படகைத் தள்ளினான்.

பேச்சியம்மை சபைக்கு வந்தாள். "மகாராஜா, எங்களுக்கு வந்த சேதிய முழுங்குனது யாரு? அத மட்டும் சொல்லுங்க."

"டிஷ் ஓட்டை டிஷ்!" என்றார் மெச்சுராயர்.

"கோபுரத்தை நிறுத்தினால் அதே டிஷ் நன்றாகக் கேட்கிறதே?" என்றார் செங்கோடர்.

"ஏன் நிறுத்த வேண்டும்? அலைவரிசை என்ன உங்கள் பாட்டன் சொத்தா? வானத்தில் இருப்பதற்கும் உரிமை உண்டு, தரையில் இருப்பதற்கும் உண்டு. கேட்கவில்லையென்றால் செயற்கைக்கோள் இன்னும் சத்தமாகப் பேசட்டும். அதன் வாயை யார் பொத்தினார்கள்?" என்றார் மெச்சுராயர்.

"சமநீதி!" என்றார் ராஜா. சபை கைதட்டியது.

சமநீதியாம்! காதோரம் நின்று கத்துகிறவனையும் வானத்திலிருந்து முணுமுணுக்கிறவனையும் ஒரே தட்டில் நிறுத்திவிட்டு அதற்கு இப்படியொரு பெயர்.

செங்கோடர் வாதாடவில்லை. "மேல்மாடத்தில் ராஜமாதா இருக்கிறார்கள். தங்களிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள். தங்கள் புகழ் முழங்கும் கட்டியக்காரரும் வழக்கம்போலத் தன் வேலையைப் பார்க்கட்டும், சபைக் காற்றும் பொதுதானே? ராஜமாதா சொன்னபடி தாங்கள் செய்துவிட்டால், டிஷ்ஷை நானே பிடுங்கி எறிகிறேன்."

"என் அம்மா குரல் எனக்குத் தெரியாதா!" என்று ராஜா சிரித்தார்.

அவர் முன்னே வழக்கமான வெள்ளிக் கிண்ணத்தில் பால் வந்தது. மேல்மாடத்தில் ராஜமாதா குனிந்து வாயசைத்தார். ராஜாவின் காதுக்கு ஒரு முழம் தள்ளி நின்ற கட்டியக்காரர், "ராஜாதி ராஜ! ராஜ கம்பீர! திக்கெட்டும் புகழ் முழங்க..." என்று பிளந்து கட்டினார்.

ராஜாவுக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. அதைச் சபை நடுவில் ஒப்புக்கொள்வதா? ஓரக்கண்ணால் மெச்சுராயரைப் பார்த்தார்.

"ஆஹா! 'இளைத்துவிட்டாய் கண்ணா, பாலைக் குடி' என்றார்கள். கணீரென்று விழுந்தது மகாராஜா!"

"எனக்கும் அப்படித்தான் கேட்டது" என்று ராஜா ஒரே மடக்கில் குடித்தார்.

முகம் எட்டுக் கோணலானது. "தூ! தூ!"

செங்கோடர் கை காட்ட, கட்டியக்காரர் நிறுத்தினார். அப்போதுதான் மேலிருந்து குரல் தெளிவாக இறங்கியது. "குடிக்காதே, குடிக்காதேன்னு தொண்டை வலிக்கக் கத்தினேனேடா! பாதிக்கு மேலே வேப்பங்கொழுந்துச் சாறு!"

"ராஜமாதா இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருந்தால்..." என்று இழுத்தார் மெச்சுராயர்.

"இந்த வயசிலே சத்தத்தைச் சந்தையிலா வாங்கிட்டு வருவேன்? அவனைத் தள்ளி நிக்கச் சொல்ல உனக்கு வாய் வரலையே!"

சபை சிரித்தது. பேச்சியம்மை சிரிக்கவில்லை.

"உங்களுக்கு வாய் கசந்துச்சு, துப்பிட்டீங்க மகாராஜா. என் தம்பி எதைத் துப்புவான்?"

சிரிப்பு அப்படியே அடங்கியது. ராஜா தலை நிமிரவில்லை. கீழே பார்த்தபடியே உத்தரவிட்டார். "கோபுரம் டிஷ்ஷை விட்டு எட்டப் போகட்டும். அதன் சத்தமும் குறையட்டும். வானத்து அலைவரிசையை விட்டு அது வேறொன்றுக்கு மாறட்டும்; இரண்டுக்கும் நடுவே, வயலுக்கு வரப்பு விடுவதுபோலக் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கட்டும். இனி கூண்டு ஏற்றும் வேலை மெச்சுராயருடையது. காது கொடுத்துக் கேட்கப் பழகட்டும்."

பிறகு கையிலிருந்த வைரக் கடகத்தைக் கழற்றிச் செங்கோடரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. "அந்தப் பெண் இன்னும் நிற்கிறாள் மகாராஜா."

"தீர்ப்புதான் கிடைத்துவிட்டதே, கும்பிட்டுவிட்டுப் போ" என்று யாரோ அதட்டினார்கள்.

"நான் தீர்ப்பு கேக்கல. யாருன்னு கேட்டேன்."

ராஜாவின் விரல் மெச்சுராயரை நோக்கிப் பாதி எழுந்தது. அந்த விரலில்தான் முத்திரை மோதிரம் இருந்தது. அதைப் பார்த்தார், கை தானாக இறங்கியது. ராஜா பேசப்போகிறார் என்று கட்டியக்காரர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். ராஜா எழுந்து, தன் கையாலேயே அந்த வாயைப் பொத்தினார்.

ராஜாவின் குரல் உயரவேயில்லை. ஆனாலும் அந்த அமைதியில் மேல்மாடம் வரை எல்லோருக்கும் கேட்டது.

"நான்தான் தாயி."