ஒத்தைப் பாதையும் நான்கு முட்டைகளும்

ஏரிக்குப் போகும் பாதையோரம், வெறுந்தரையில் நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது ஓர் ஆள்காட்டிக் குருவி. குஞ்சு பொரிக்க இன்னும் நாலே நாள்தான்.

அந்த வருஷம் ஏரிக்கரை உடைந்துவிட்டது. மழைக்கு முன்னால் அடைக்க வேண்டுமென்று யானைகள் மலையிலிருந்து மரக்கட்டைகளைச் சுமந்து வந்தன. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தொம் தொம்மென்று நடைதான். அன்றைக்குப் பாதையை விட்டு இறங்கிய ஒரு கால், முட்டைகளுக்கு ஒரு சாண் தள்ளிப் பதிந்தது. தாய்க்குருவிக்கு உயிரே போய்த் திரும்பி வந்தது!

"வேற இடம் பார்த்துப் போயேன்!" என்றது முயல்.

"முட்டையைத் தூக்கிட்டுப் போக எனக்கென்ன கையா இருக்கு?"

பாதையோரத்துப் பிராணிகளெல்லாம் கூடின. நரிதான் நடுவர். "ஆளுக்கொரு யோசனை சொல்லுங்க. எதுக்கு வால் அதிகம் ஆடுதோ அதுக்கே முதலிடம்!"

"பாதையில குழி வெட்டுவோம்!" என்றது குரங்கு. வால்கள் சுழன்று ஆடின. முதலிடம்!

"முள்ளைப் பரப்புவோம்!" என்றது முள்ளம்பன்றி. அதற்கு இரண்டாமிடம்.

"ராத்திரியில மட்டும் நடக்கச் சொல்வோம்!" என்றது முயல். பாவம், மூன்றாமிடம்.

"இருட்டுல என் முட்டை அவங்க கண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டது ஆள்காட்டி. "யானை குழியில விழுந்தா கரையை யார் அடைக்கிறது? வெள்ளம் வந்தா நம்மளைத்தானே முதல்ல வாரிக்கிட்டுப் போகும்!"

"இத்துனூண்டு வாலை வெச்சுக்கிட்டு இவ பேச்சைப் பாரு!" என்று குரங்கு சிரித்தது. நாளைக்கே குழி வெட்டுவதென்று கூட்டம் கலைந்தது.

ஆள்காட்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "கொஞ்சம் முட்டையைப் பார்த்துக்குங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, நேரே முன்னால் வந்த யானையிடம் பறந்தது.

"யானையக்கா! ஏன் பாதையை விட்டு இறங்குறீங்க?"

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? நான் கட்டையோட வருவேன், இறக்கிட்டு என் தங்கச்சி எதிரே வருவா. இது ஒத்தைப் பாதை. ஒருத்தி ஒதுங்கித்தானே ஆகணும்?"

"அப்போ எல்லாரும் ஒண்ணா வந்து, ஒண்ணா திரும்பலாமே!"

"கடைசி ஆள் வந்தாச்சான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் கத்துறேன்க்கா! என் தொண்டையைப் பத்தி இந்தக் காட்டுக்கே தெரியுமே!"

யானை சிரித்துவிட்டது. முட்டைகளருகே வந்து, தும்பிக்கையின் மூச்சுக்கூடப் படாமல் எட்டிப் பார்த்தது. "எனக்கும் ஒரு குட்டி இருக்குடியம்மா. இதை முதல்லயே கேட்க ஒருத்தரும் வரலியே!"

மறுநாள் குழி வெட்ட வந்த குரங்கு வாயைப் பிளந்தது. யானைகள் வரிசையாகக் கரைக்கு வந்தன. கடைசி யானை கடந்ததும் ஆள்காட்டி வீல் வீலென்று கத்தியது. அதன் பிறகே அவை திரும்பின. ஒரு கால்கூடப் பாதையை விட்டு இறங்கவில்லை!

நான்காம் நாள், பஞ்சு உருண்டைகள் மாதிரி நான்கு குஞ்சுகள் தத்தித் தத்திப் பாதையைக் கடந்தன. அதுவரை பாரத்தோடு அத்தனை யானைகளும் அசையாமல் நின்றன.

பாதையைச் சரிசெய்ய யோசனை தேடுகிறவர்கள், முதலில் அதில் பாரம் சுமப்பவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.