ஒரு கூட்டல் கணக்குக்கு ஒரு நாள்

கோவையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருப்பதிலேயே மட்டமான புரோகிராம் எழுதும் போட்டி வைத்தார்கள். இரண்டையும் மூன்றையும் கூட்ட வேண்டும். விடை சரியாக வர வேண்டும், ஆனால் ஆமையே வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக வர வேண்டும். நடுவர், மேனேஜர் திருவேங்கடம். "தப்பா வந்தா வேலை நிரந்தரமாகாதும்மா" என்று பயிற்சிக்கு வந்திருந்த செண்பகவல்லியை மிரட்டியும் வைத்தார்.

அவளுடைய புரோகிராம் காலையில் ஓடத் தொடங்கி, சாயங்காலமாகியும் விடை சொல்லவில்லை.

"என்னம்மா, படுத்துடுச்சா?" என்று சிரித்தார் மேனேஜர்.

"இல்லைங்க சார், நல்லாத்தான் ஓடுது. கூட்டுறதுக்கு உங்க அனுமதி கேட்டு காலையிலேயே மெயில் அனுப்பிடுச்சு. நீங்கதான் இன்னும் பார்க்கலைங்க."

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. திருவேங்கடம் அசடு வழிய மெயிலைத் தேடிப்பிடித்து அனுமதி கொடுத்தார். அடுத்த நொடி திரையில் ஐந்து வந்தது. முதல் பரிசோடு அவள் வேலையையும் அங்கேயே நிரந்தரமாக்கிவிட்டார், மறுபடி யாரும் சிரிப்பதற்குள்.