கூப்பிடு தூரத்தில் ஒருவர்

"எனக்கு எதுக்குங்க மேடம் இன்னொரு ஆளு?"

திருமேனி கோபமாகத்தான் கேட்டார். குரல்தான் எழும்பவில்லை. பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

மரம் குடையும் கம்ப்யூட்டர் மிஷினின் சாவி இப்போது ஜெசிந்தாவின் பையில் இருந்தது. சற்று முன்புதான் திருமேனியிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

கோவையில், மூடிப்போன நூற்பாலை ஒன்றின் கூடத்தில் நடந்தது அந்தப் பொதுப் பட்டறை. உறுப்பினர்கள் யாரும் வந்து வேலை செய்யலாம். மிஷின்களுக்கு ஜெசிந்தா பொறுப்பு. வயது முப்பத்திரண்டு. திருமேனிக்கு அவர்தான் மிஷினைக் கற்றுக்கொடுத்தவர்.

திருமேனிக்கு ஐம்பத்தெட்டு. வார்ப்பட ஆலையில் முப்பது வருஷம் மர அச்சு செய்தவர். மகளுக்குப் பிரசவம் பார்க்க மஸ்கட் போன மனைவி, இரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறார். போனில் தினமும், "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." அவ்வளவுதான்.

திருமேனி பட்டறைக்கு வருவது மதியம் ஒன்றரைக்கு. எல்லோரும் முற்றத்தில் சாப்பிட உட்கார்ந்திருக்கும் நேரம். யாருக்கும் முகம் கொடுக்க வேண்டியதில்லை.

நேற்றும் அப்படித்தான் வந்தார். பேத்திக்கு மரக்குதிரை. அதன் கால்களை வெட்டிக்கொண்டிருந்தபோது, பலகையைப் பிடித்திருந்த கிளாம்ப் நழுவியது. சுழன்றுகொண்டிருந்த வெட்டுமுனை, அந்த பிட், பலகையைத் தூக்கி எறிந்தது. அது அவர் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது.

அவரே மிஷினை நிறுத்தினார். அவரே தூளைப் பெருக்கினார். யாரிடமும் சொல்லவில்லை.

காரை பெயர்ந்த சுவரை ஜெசிந்தா பார்த்துவிட்டார்.

மிஷின் ஓடும்போது பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும் என்பது பட்டறையின் விதி. திருமேனி அதை ஒரு நாளும் மதித்ததில்லை.

"முப்பது வருசம் தனியா மரம் அறுத்தவனுங்க நான்" என்றார். "பத்து விரலும் பத்திரமா இருக்குது, பாருங்க."

கைகளை நீட்டிக் காட்டினார்.

ஜெசிந்தா விரல்களைப் பார்க்கவில்லை. "ஏப்ரனை மாட்டுங்க சார்" என்றார்.

மாட்டினார்.

ஜெசிந்தா மிஷினிலிருந்து பிட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். அதைச் சுழற்றும் மோட்டாரின் வயரையும் பிடுங்கினார். இனி பிட்டைத் தாங்கும் குறுக்குப் பாலம் மட்டும்தான் மேசைமேல் நகரும். எதையும் வெட்டாது.

"அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

மிஷினின் பின்பக்கம், மேசைக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம். திருமேனி போய் நின்றார். ஏப்ரனின் முதுகுப் பட்டையை, முடிச்சையும் சேர்த்து, தூணோடு ஒரு கிளாம்பால் இறுக்கினார் ஜெசிந்தா.

பிறகு முன்பக்கம் வந்து, மிஷினை ஓட்டும் கையடக்கப் பெட்டியில் பொத்தானை அழுத்தினார். பாலம் திருமேனியை நோக்கி மெதுவாக ஊர்ந்தது.

"நிறுத்துங்க சார்."

சிவப்புப் பொத்தான் முன்பக்கத்தில் இருந்தது. திருமேனி எக்கினார். ஒரு முழம் குறைந்தது. முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். தோள் அவ்வளவு தூரம் வளையவில்லை.

பாலம் வந்துகொண்டிருந்தது.

"மேடம், நிறுத்துங்க!"

"நான் இங்க இல்லை."

திருமேனி ஜன்னலைப் பார்த்தார். வெளியே முற்றத்தில் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொம்மை செய்யும் தாடிக்காரர். கிடார் செய்யும் பெண். இன்னும் இரண்டு பேர். நாலு மாதமாகத் தினமும் பார்க்கும் முகங்கள்.

கூப்பிட வாயைத் திறந்தார்.

ஒரு பெயரும் வரவில்லை.

"ஏனுங்க!" என்று கத்தினார். "ஏனுங்க!"

யாரும் திரும்பவில்லை. யாரைக் கூப்பிடுகிறார் என்று யாருக்குத் தெரியும்?

நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் பாலம் நின்றது. ஜெசிந்தா பொத்தானிலிருந்து விரலை எடுத்திருந்தார்.

திருமேனிக்கு வியர்த்து ஊற்றியது. "கிளாம்பைக் கழட்டிவிடுங்க மேடம்."

"நான்தான் இங்க இல்லையே" என்றார் ஜெசிந்தா. மிஷினின் மெயின் சுவிட்சை அணைத்து, கையடக்கப் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாப்பிடப் போனார்.

கூடம் ஓய்ந்துபோனது.

திருமேனி தூணோடு நின்றார். ஏப்ரனை அறுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று நினைத்தார். கத்தி முன்பக்கம் இருந்தது. முற்றத்தில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். சோற்று டப்பா மூடும் சத்தம் கேட்டது.

தன்னைக் கடைசியாகப் பெயர் சொல்லி அழைத்தது யார் என்று யோசித்துப் பார்த்தார். போன மாதம், ரத்தம் சோதிக்கும் இடத்தில். நர்ஸ் சீட்டைப் பார்த்துப் படித்தாள். அதுவும் "திருமணி" என்று.

கால் கடுத்தது. கண் ஏனோ கலங்கியது. துடைத்துக்கொள்ள நல்லவேளை கை எட்டியது.

கால் மணி நேரம் கழித்துத் தாடிக்காரர் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். தூணோடு நின்றவரைப் பார்த்தார். பின்னால் போய்க் கிளாம்பைத் திருகினார். ஏப்ரன் விடுபட்டது.

அவர் தன் வேலைக்குத் திரும்பி நடந்தார்.

"உங்க பேரு என்னங்க?" என்றார் திருமேனி.

தாடிக்காரர் நின்றார். "பேரா? எதுக்குங்க?"

"கூப்பிடறதுக்குங்க."