யாரு கழுத்துக்கு?

முன்னொரு காலத்திலே நாவல்பாடி நாட்டை மானவிறல் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் நல்ல சேதி மட்டும்தான் அவன் காதில் ஏறும். கார்த்திகை மழை ஓய்ந்ததும் பெரிய ஏரியில் ஆளை இறக்கி, முழங்காலளவு, இடுப்பளவு என்று தண்ணீரை அளந்து சபையில் சொல்வது அந்த நாட்டு வழக்கம். கழுத்தளவு நின்றால் இரண்டு போகம் விதைக்கலாம். இடுப்பளவென்றால் ஒரு போகத்தோடு சரி. அந்த வருஷம் ராஜாவுக்கு என்ன தோன்றியதோ, கழுத்தளவு என்று சொல்கிறவருக்குப் பட்டுச் சால்வை என்று அறிவித்துவிட்டான். கேட்கவா வேண்டும்!

மந்திரி ஆவுடையம்மை அளந்து பார்த்து, இடுப்பளவு என்றாள். அவள்மேல் வெகுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த பூவராகர் என்ற சபைப் பெரியவர் எழுந்து, தன் ஆள் இறங்கிப் பார்த்ததில் கழுத்தளவு என்றார். அவர் தோளில் பட்டு ஏறியது. சும்மா இருந்தாரா? மந்திரியம்மாள் ஊருக்கு அபசகுனம் பேசுகிறாள் என்று ராஜா காதில் ஊதியும் வைத்தார்.

"நாளைக்குள் சொன்னதை மாற்றிக்கொள்ளும். இல்லையேல் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வையும்" என்றான் ராஜா.

மோதிரம் போனால் மயிரே போச்சு. இரண்டாம் போகம் விதைத்து, கதிர் வரும் நேரத்தில் மடை வறண்டால் விதைநெல்லும் போய் ஊரே பட்டினி கிடக்குமே என்றுதான் ஆவுடையம்மைக்குக் கவலை. நாக்கைப் புரட்டினால் ஏரியில் தண்ணீர் ஏறிவிடுமா? ஆனாலும் நியாயக்காரி. பூவராகர் கணக்கையும் சரிபார்த்துவிடுவோம் என்று, ஏரியில் இறங்கிய அவருடைய ஆளைத் தேடிப் போய்ப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் சபைக்கு ஓர் அண்டாத் தண்ணீரும் ஓர் ஆட்டுக்குட்டியும் வந்தன. குட்டியைத் தூக்கி அண்டாவுக்குள் நிறுத்தினாள். தலை மட்டும் வெளியே தெரிய, அது மே என்றது.

"அரசே, எனக்கும் ஒரு பட்டு வேண்டும். இங்கேயும் கழுத்தளவு தண்ணீர்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "யாரு கழுத்துக்கு?"

"அதைப் பூவராகரிடம் நேற்றே கேட்டிருக்கலாம்."

சிரிப்பு நின்றது. பூவராகரின் ஆள் முத்தாண்டியைக் கூப்பிட்டார்கள். வந்தவனின் தலை ராஜாவின் மார்புக்குக்கூட எட்டவில்லை. "நான் பொய் சொல்லலை சாமி, எனக்குக் கழுத்தளவுதான்" என்றான் பாவம். இப்படி ஓர் ஆள் வேண்டுமென்று பூவராகர் நாடெல்லாம் சல்லடை போட்டுத் தேடிய கதையையும் அவனே சொல்லிவிட்டான்.

ராஜாவே ஏரியில் இறங்கினான். தண்ணீர் இடுப்போடு நின்றது. ஊரே பார்க்க ஈர வேட்டியோடு கரையேறி, பட்டைக் காட்டி அளவைக் கெடுத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டான். பூவராகர் தோளிலிருந்த பட்டு முத்தாண்டி தோளுக்குப் போனது. உண்மையைச் சொன்னவன் அவன்தானே!

ஆவுடையம்மையிடம் என்ன வேண்டும் என்று ராஜா கேட்டான்.

"மடையோரம் கோடு வெட்டிய கல் ஒன்றை நட்டு வையுங்கள் அரசே. கல்லுக்குக் கழுத்தும் கிடையாது, பட்டு மேல் ஆசையும் கிடையாது" என்றாள், மோதிரக் கையை நிமிர்த்தி.

அந்தக் கோடையில் சுற்றுவட்ட நாடெல்லாம் பயிர் கருகியது. ஒரு போகத்தோடு நிறுத்திய நாவல்பாடியில் ஓர் அடுப்பும் அணையவில்லை. அதிலிருந்து அந்த நாட்டில் எவ்வளவு பெரிய மனிதர் எழுந்து கணக்குச் சொன்னாலும் சரி, கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் பயமில்லாமல் கேட்கும்: "யாரு கழுத்துக்கு?"