பந்தோபஸ்து

"ராத்திரி ஓட்டின் மேல் ஒரு சத்தம், உஸ்தாத் பீ. யாரோ உட்கார்ந்து தேங்காய் துருவுகிற மாதிரி."

இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்ற மர்ஜானாவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

ஆசியா நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கடலோரத் தெருப் பெண்களுக்குப் பார்சி என்கிற பாரசீக மொழி சொல்லித்தருபவர். மர்ஜானாவின் வயதுதான்.

"மரநாயாக இருக்கும். நீ என்ன செய்தாய்?"

"பிள்ளை நூகுவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கதவு திறந்தால்தானே! கொழுந்தன் மொகுதூம் பொழுது சாய்ந்ததும் வெளியே பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். என் மாப்பிள்ளை கொழும்புக்குக் கப்பலேறியதிலிருந்து அப்படித்தான்."

"எதற்காம்?"

"பந்தோபஸ்துக்கு."

ஆசியா சிரித்தார். "எங்கள் பார்சிச் சொல்."

"அங்கே அதற்கு என்ன அர்த்தம்?"

"பிள்ளையை இறக்கிவிட்டு, கையைக் கொடு."

ஆசியா தன் துப்பட்டியால் அவள் இரண்டு கைகளையும் தூணோடு சேர்த்துச் சுற்றினார்.

"பந்த் என்றால் கட்டு. ஓ என்றால் நம் 'உம்'. பஸ்த் என்றால்..." முடிச்சை இறுக்கினார். "கட்டிவைத்தது. அடைத்தது."

"காவல்?"

"அது அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. நிலத்துக்கு இவ்வளவு வரி என்று கட்டிவைத்தார்கள், அதையும் பந்தோபஸ்து என்றார்கள். கல்யாண ஏற்பாட்டையும் பந்தோபஸ்து என்றார்கள். கடைசியில்தான் காவல்."

மர்ஜானாவின் பார்வை திரும்பியது. நூகு தவழ்ந்து போய்க்கொண்டிருந்தான். அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது.

"உஸ்தாத் பீ, பிள்ளை!"

ஆசியா அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

"அவிழ்த்துவிடுங்கள்! அடுப்புக்கிட்டே போகிறான்!"

"உனக்குத்தான் நல்ல பந்தோபஸ்து ஆயிற்றே."

"பாழாய்ப்போன பந்தோபஸ்து! பெத்தவள் நான் இங்கே நிற்கிறேனே!"

மர்ஜானா முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு இன்னும் இறுகியது.

அடுப்புக்கு ஒரு சாண் இருக்கையில் ஆசியா பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். பிறகு வந்து முடிச்சை அவிழ்த்தார்.

மர்ஜானா பிள்ளையை வாரி எடுத்தாள். வீட்டுக்கு நடந்தாள்.

பொழுது சாய்ந்தது. மொகுதூம் பூட்டோடு வந்தான்.

"மதினி, உள்ளே போங்க. பூட்டணும்."

"அதை இப்படிக் கொடுங்க, தம்பி."

"ஏன், எண்ணெய் போடணுமா?"

கொடுத்தான். அவள் அதைச் சாவியோடு வாங்கி இடுப்பில் செருகினாள்.

"மதினி! அண்ணன் கேட்டா நான் என்ன சொல்றது? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். உங்களுக்குப் பயமா இருந்தா, உங்க வீட்டுக்கு வேற பூட்டு வாங்கிப் போட்டுக்கோங்க."

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.