கடலைப் பொட்டலத்துக்கு ஓர் உரிமம்

சிவகாசியில் ஜெயக்கொடியின் அச்சகத்தைத் தாண்டும்போது ஊரார் கொஞ்சம் வேகமாகத்தான் நடப்பார்கள். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பார்கள், அதுதான் பயம். முதலாளி ஜெயக்கொடி, மெஷின் ஓட்டும் குருவலிங்கம், பைண்டிங் போடும் அய்யனப்பன். மூவரும் நல்லவர்கள். அதைத் தவிர அவர்கள்மேல் வேறு குற்றமே சொல்ல முடியாது.

காலண்டர் சீசன் முடிந்து மெஷின் சும்மா கிடந்தது. ராஜபாளையத்திலிருந்து ஜெயக்கொடியின் மாமனார் ஃபோன் போட்டார். "மாப்பிள்ளை, தீபாவளிக்குள்ள எதையாவது அடிச்சு வித்துக் காட்டுங்க. இல்லைன்னா கடையைப் பூட்டிட்டு நம்ம தவுட்டு மில்லுக்கு வந்து மூட்டை தையுங்க."

ஜெயக்கொடிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தவிட்டுத் தூசி பட்டால் அவருக்கு அடுக்குத் தும்மல் வரும். மாமனார் முகத்தைப் பார்த்தாலும் அதேதான் வரும்.

"அண்ணாச்சி, பெங்களூருல பயலுவ ஒரு வெளையாட்டு வெளையாடுறானுவ" என்றான் குருவலிங்கம். "ஒருத்தன் கதை சொல்வான். மத்தவன்லாம் ஆளுக்கொரு வேசம். ஒருத்தன் ராசா, ஒருத்தன் திருடன். திருடன் சுவரேறிக் குதிச்சா காலு ஒடியுமா ஒடியாதான்னு தாயக்கட்டையை உருட்டிப் பாக்கணும். அதுக்கு விதி எழுதின பொஸ்தகம் சும்மா பறக்குது!"

விதி எழுத மூளை வேண்டுமே! மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, நேரே வக்கீல் ஞானசெல்வி வீட்டுக்குப் போனார்கள்.

"நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம்" என்று வக்கீலம்மா அவசரமாகச் சொன்னார். "யாரு வேணும்னாலும் எடுத்து அச்சடிச்சு விக்கலாம்னு சில பேரு தங்களோட விதிகளை இணையத்துல பொதுவா விட்டிருக்காங்க. அதுல ஒண்ணை எடுங்க. கூடவே உரிமம்னு ஒண்ணு இருக்கும், அதுல என்ன போட்டிருக்கோ அதும்படி நடங்க. எழுதினவரு பேரை நல்லாத் தெரியற மாதிரிப் போடுங்க. எதையாவது மாத்தினா, மாத்தினதை எல்லாருக்கும் தெரியப்படுத்துங்க. அவ்வளவுதான்."

பாவம், அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டார்.

தேடியதில் மூன்று விதித்தொகுப்புகள் அகப்பட்டன. முதலாவதில், 'வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று இருந்தது.

"இது நமக்குன்னே எழுதினது அண்ணாச்சி" என்றான் அய்யனப்பன். "நாம நடத்துறதை எவன் வணிகம்னு சொல்லுவான்?"

"வித்துப் போச்சுன்னா?" என்று கேட்டார் ஜெயக்கொடி.

"வித்தா உடனே நிறுத்திக்கிடுவோம்."

நியாயமாகத்தான் பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று வக்கீலம்மாவுக்கு ஃபோன் போட்டார்கள். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மீதி இரண்டையும் அச்செடுத்துத் தராசில் வைத்தார்கள். அச்சுத் தொழிலில் எடைதானே எல்லாம்! ஒன்று தட்டில் இருப்பதே தெரியவில்லை. எட்வின் ஹாக்லண்ட் என்பவர் எழுதிய மற்றொன்று தட்டைத் தரையில் இடித்தது. அதையே தேர்ந்தெடுத்தார்கள். அதில் முக்கால்வாசியும் உரிமம்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதில் டிராகன் என்று ஒரு ஜந்து வந்தது. நம்மூரில் யார் டிராகனைப் பார்த்தார்கள்? அதை எடுத்துவிட்டுக் காட்டெருமையைப் போட்டார்கள். மாற்றினால் தெரியப்படுத்த வேண்டுமே! ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு குருவலிங்கம் ஊரைச் சுற்றினான். "பொதுமக்கள் கவனத்துக்கு! டிராகன் நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாகக் காட்டெருமை விடப்பட்டுள்ளது!"

அரை மணியில் கடைத்தெரு வெறிச்சோடியது. ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டை இழுத்துப் பூட்டினார்கள். வனத்துறை ஜீப் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, குருவலிங்கத்தை ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் இறக்கிவிட்டது.

"சேதி எல்லாருக்கும் சேந்துட்டு அண்ணாச்சி" என்றான் அவன் திருப்தியாக.

புத்தகம் அச்சாகி வந்தது. எழுதியவர் பெயர் நன்றாகத் தெரிய வேண்டும் அல்லவா? அட்டை முழுக்க 'எட்வின் ஹாக்லண்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். புத்தகத்தின் பெயருக்கு இடமில்லை. மரியாதைக்காகச் சுற்றிலும் கறுப்புக் கட்டம் கட்டியது அய்யனப்பனின் யோசனை.

கடைக்கு வந்த முதல் ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு, "எப்பத் தவறினாரு?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வந்தவர்களும் துக்கம் விசாரித்தார்களே தவிர ஒரு புத்தகம் வாங்கவில்லை. தீபாவளி நெருங்கியது. ஜெயக்கொடி இப்போதே தும்ம ஆரம்பித்துவிட்டார். அந்த நேரத்தில் பழைய பேப்பர்க்காரர் ஒருவர் வந்து, அத்தனையையும் எடைக்கு வாங்கிக்கொண்டு போனார்.

"ஒத்தை ஆளு! மொத்தப் பதிப்பும்!" என்று ஜெயக்கொடி கண் கலங்கினார். "வாசகர்னா இவருல்ல வாசகர்!"

மறுநாள் பேருந்து நிலையத்தில் கடலை வாங்கித் தின்ற குருவலிங்கம் மூச்சிரைக்க ஓடிவந்தான். கையில் இருந்த பொட்டலத் தாளில் அவர்கள் அச்சடித்த காட்டெருமை.

மூவரும் உரிமத்தைப் புரட்டினார்கள். 'இதன் எந்தப் பகுதியைப் பிறருக்குக் கொடுத்தாலும், இந்த உரிமத்தை முழுமையாகச் சேர்த்தே கொடுக்க வேண்டும்' என்று இருந்தது.

"கடலைக்காரரு குடுக்கலையே!" என்றான் அய்யனப்பன். "நாளைக்கு ஹாக்லண்ட் அய்யா வந்து கேட்டா என்ன சொல்ல?"

அவ்வளவுதான், மெஷின் மறுபடி ஓடியது. செங்கல் கனத்தில் உரிமத்தைத் தனிப் புத்தகமாக அடித்து, கடலை வண்டிக்குப் பக்கத்தில் மூவரும் கடை விரித்தார்கள். பொட்டலம் வாங்கியவர்களை விரட்டிப் பிடித்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஓடுகிற பேருந்தின் ஜன்னல் வழியாகவும் போட்டார்கள். கடலைக்காரர் அழாத குறை.

மாமனார் தீபாவளிச் சீரோடு அந்தப் பேருந்து நிலையத்தில்தான் வந்து இறங்கினார். பசிக்கு ஒரு பொட்டலம் கடலை வாங்கினார். வாங்கிய கையில் செங்கல் மாதிரி ஒன்று விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் மாப்பிள்ளை.

"என்ன மாப்பிள்ளை இது?"

"உரிமம் மாமா. கடலையைத் திங்குறதுக்கு முந்திப் படிச்சிருங்க."

மாமனார் விஷயத்தை முழுக்கக் கேட்டார். கடலையைக் கீழே கொட்டினார். ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினார். "இந்த மாதிரி ஒரு கூட்டத்தை என் ஆயுசுல நான் பாத்ததில்லை! என் மில்லுப் பக்கம் நீரு தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது, சொல்லிட்டேன்!" சீர்த் தட்டோடு அடுத்த பேருந்தில் ஏறிப் போயே போய்விட்டார்.

ஜெயக்கொடிக்குத் தும்மல் சட்டென்று நின்றது. மில் இல்லை, மூட்டை இல்லை! மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே ஒரு குதி குதித்தார்கள். அச்சகத்துக்குத் திரும்பியதும் விதிப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வேலையைத் தொடங்கினார்கள்.

அதன் பின்னட்டையில் மாமனார் கத்தியதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் பாராட்டுரையாகப் போட்டார்கள். அடியில் அவர் பெயர், கொட்டை எழுத்தில், கறுப்புக் கட்டத்துக்குள். இப்போது ராஜபாளையத்தில் அவர் வீட்டு வாசலுக்கு மாலையோடு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். மாமனாரும் ஒவ்வொருவருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்.